அறுநூறாவது குப்பி

அறுநூறு பெண்கள் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது லேப் அக்கா அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நாளொன்றுக்கு எழுபது எண்பது பேர் வந்துபோகிற மகளிர் கிளினிக்கில் அறுநூறெல்லாம் ஒரு எண்ணா? ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் கேட்டதும் தலையாட்டிவிட மாட்டார்கள் என்பது இரண்டாம் நாளே தெரிந்துபோயிற்று. இடுப்பு வலி என்று வந்தவளிடம், கருத்தடை ஊசிக்கு வந்தவளிடம், நாள் தள்ளிப்போகிறது என்று வந்தவளிடம் போய், "பால்வினைத் தொற்று இருக்கிறதா என்று ஒரு சோதனை பண்ணிக்கொள்கிறீர்களா, பெயர் வெளியே போகாது" என்று கேட்டால், எடுத்த எடுப்பில் செருப்பைத் தேடுகிறவர்களும் உண்டு. வீட்டுக்குக் கிளம்பத்தான், வேறு எதற்கும் இல்லை. அறுநூறைத் தொட ஐந்து மாதம் பிடித்தது.

உடம்பில் எந்த அடையாளமும் காட்டாமல் எத்தனை பெண்கள் இந்தத் தொற்றோடு நடமாடுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுதான் டாக்டரம்மாவின் ஆய்வு. சம்மதித்தவளுக்கு ஆலோசனை அறையில் ஒரு எண்ணும், சிறுநீர் பிடிக்க ஒரு குப்பியும் தருவார்கள். எந்த எண் யாருடையது என்கிற பதிவேடு அந்த அறையின் அலமாரியில் பூட்டிக்கிடக்கும். லேபுக்கு வருவது எண் ஒட்டிய குப்பி மட்டும். லேப் அக்கா அதை இயந்திரத்தில் வைத்து, வருகிற முடிவைப் பார்த்து, எண்ணுக்கு நேரே 'உண்டு' அல்லது 'இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவள் எழுதினாள். ஆனால் ஒவ்வொரு 'உண்டு'க்கும் ஒரு ஆணைத் திட்டாமல் அவளுக்கு எழுத வராது. "இவ வீட்டுக்காரன் மட்டும் என் கையில கிடைக்கணும்" என்று ஆரம்பித்தால், முகம் தெரியாத அந்த மனிதனுடைய அப்பா, சித்தப்பா வரை போய்த்தான் நிற்பாள். இருபத்தோரு வருட சர்வீஸ். குரலுக்குக் கதவு, தாழ்ப்பாள் எதுவும் கிடையாது. வராந்தா பெஞ்சில் டோக்கனோடு காத்திருக்கும் பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வாய்தான் அப்படியே தவிர வேலையில் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள்.

ஆலோசனை அறையில் இருந்தவளோ இதற்கு நேர் எதிர். படிப்பு முடித்து நேராக வந்தவள். அவள் பேசுவது எதிரே இருப்பவருக்கே பாதிதான் கேட்கும் என்பதால் எல்லாரும் 'மெல்லிசு' என்றே கூப்பிட்டார்கள். முதல் வாரம், முடிவு 'உண்டு' என்று வந்த ஒரு பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெல்லிசு அழுதுவிட, கடைசியில் அந்தப் பெண்தான் இவளுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் லேப் அக்கா ஒரு தாளை எடுத்து, என்ன பேச வேண்டும் என்பதை வரி வரியாக எழுதி அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். இருவரும் ஒரே நாளில் மருந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, இங்கேயே விழுங்க வேண்டும், ஏழு நாள் சேரக்கூடாது என்றெல்லாம் அதில் இருந்தது. முதல் வரி மட்டும் அவள் யோசித்து யோசித்து எழுதியது: "யாரால் வந்தது, எப்போது வந்தது என்று இந்தச் சோதனை சொல்லாது."

அது பொய்யும் இல்லை. கிளமிடியா என்ற அந்தக் கிருமி சத்தம் காட்டாமல் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில்கூட உட்கார்ந்திருக்கும். ஆனால் உண்மை என்பதற்காக மட்டும் அவள் அதை முதல் வரியாக வைக்கவில்லை. உன்னால்தான் என்று சொன்னால் கணவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். பெண்ணால்தான் என்று அவன் நினைத்துக்கொண்டால் அவள் முதுகு தாங்காது. யார் மேலும் பழி விழாத வரி அது. அதைக் கேட்ட பிறகு கணவர்கள் நாற்பத்தொரு பேர் வந்து மாத்திரை விழுங்கிவிட்டுப் போனார்கள். 'உண்டு' என்று வந்த எண்பத்து மூன்றில் நாற்பத்தொன்று என்றால் நல்ல கணக்குதான் என்று டாக்டரம்மாவே சொன்னார். லேப் அக்காவுக்கு அந்த வரியில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆய்வின் கடைசி நாள் நாலு மணிக்கு எண்ணிக்கை ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றது. அறுநூறாவதாகச் சம்மதித்தவள், குப்பியை வாங்கிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனவள், அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். குப்பியும் போயிற்று. மெல்லிசின் முகம் சுருங்கிவிட்டது. விதிப்படி பதினெட்டிலிருந்து நாற்பத்தொன்பது வயதுக்குள், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கிளினிக்குக்கு வந்திருக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். பெஞ்சில் ஒரு ஈ காக்கை இல்லை.

"என்னை எழுதிக்கோ" என்றாள் லேப் அக்கா. "நாப்பத்தி நாலு வயசு. ரெண்டு நாளா இடுப்பு வலி, டாக்டரம்மாகிட்ட காட்டணும்னுதான் இருந்தேன். ஒப்புக்குச் சப்பாணியா நான் நின்னுக்கறேன்."

டாக்டரம்மாவும் இடுப்பைப் பார்த்து, சீட்டெழுதி, சிரித்துக்கொண்டே சரி என்றார். மெல்லிசு படிவத்தை லேப் வாசலுக்கே எடுத்து வந்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளைக் கேட்டாள். கணவருக்கு வேறு தொடர்பு இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா என்ற கேள்வி வந்தபோது அவள் குரல் வழக்கத்தைவிட இன்னும் இறங்கிப்போனது. லேப் அக்கா வராந்தா அதிரச் சிரித்தாள். அந்த மனுஷனுக்கு என்னிடம் பேசவே வார்த்தை வராது, வெளியே போய் யாரிடம் என்னத்தைப் பேசி மயக்கப்போகிறார் என்றாள். மெல்லிசு 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கடைசித் தொகுதியில் இருபது குப்பிகளை இயந்திரத்தில் வைத்தாள். பத்தொன்பது 'இல்லை'. அறுநூறு 'உண்டு'.

இயந்திரத்தின் மேல்தான் முதலில் கோபம் வந்தது. மறுபடி வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கிற மாதிரிகள் இரண்டும் சரியாகவே காட்டின. அறுநூறும் தன் பேச்சை மாற்றவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு 'உண்டு'க்கும் வழக்கமாக வருகிற வசவு அன்று வரவில்லை என்பதை அவளே கவனித்தாள். முகம் தெரியாதவனைத் திட்டுவதுதான் சுலபம். இவருடைய முகம் தெரியும். சட்டையின் எந்தப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

'இல்லை' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. கேட்க நாதியில்லை. நாலு மாத்திரையை வெளியே மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஒரு பேனா, தனக்கு மட்டும் இன்னொன்றா? இருபத்தோரு வருடத்தில் அவளுக்கென்று இருந்த சொத்து அந்தக் கைச்சுத்தம் ஒன்றுதான். 'உண்டு' என்று எழுதி, தாளை உறையில் போட்டு ஒட்டினாள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு மெல்லிசு உறையைப் பிரிப்பாள். பதிவேட்டைத் திறந்து அறுநூறுக்கு நேரே இருக்கும் பெயரைப் பார்ப்பாள். லேப் அக்கா பயந்தது அதற்குத்தான். நோய்க்கு மருந்து இருக்கிறது, பெயருக்கு ஏது? யார் வாய் ஐந்து மாதமாக அந்த வராந்தாவில் ஊரார் புருஷனையெல்லாம் கிழித்ததோ, அவளுக்கே இப்போது 'உண்டு'. அந்தச் சின்னப் பெண் வெளியே சொல்ல மாட்டாள், அது நிச்சயம். ஆனால் அவள் மனசுக்குள் ஒரு கேள்வி விழும். இவரா, இவளா? நாளையிலிருந்து லேப் ஜன்னல் வழியாகக் குப்பியை நீட்டும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தெரிந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் மாட்ட வெளியூர் போனால் இருபது நாள், நாற்பது நாள் ஆகும். அவள் வீட்டுக்கு வந்தபோது சமையலறை மேடையில் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிப்பதால் வீட்டில் இவர்கள் இருவர்தான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தனை பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாய். ஆனால் வாயைத் திறந்தால் அவளுடைய சொந்தப் பேச்சு ஒன்றும் வரவில்லை, தாளில் எழுதியதுதான் வந்தது.

"எனக்கு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க. கிளமிடியான்னு ஒரு தொற்று இருக்குன்னு வந்திருக்கு. உங்களுக்கும் இருக்கலாம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல மாத்திரை சாப்பிடணும். நாளைக்குக் காலையில நீங்க கிளினிக்குக்கு வரணும்."

அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

அவ்வளவுதான். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. என்ன தொற்று, எதனால் வரும் என்றும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். சத்தியம் பண்ணியிருந்தால் ஒருவேளை நம்பக்கூட நம்பியிருப்பாள். ஒன்றும் கேட்காத மனிதனை என்ன செய்ய? ஒன்று, இவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு அதை வாய்விட்டுக் கேட்கத் துணிவில்லாமல் இருக்க வேண்டும். எது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டில் எது தேவலை என்றும் தெரியவில்லை.

யாரால் என்று கேட்காதீர்கள், கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எத்தனை பேருக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்களெல்லாம் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்களே, வீட்டுக்குப் போய் இந்தக் கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு எப்படிச் சமைத்தார்கள், எப்படித் துணி மடித்தார்கள்? அவள் தட்டை எடுத்து வைத்தபடி, "நீங்க..." என்று ஆரம்பித்தாள். அவர் நிமிர்ந்தார். இல்லை, நானில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது தான் ஒருத்திதான் என்று சட்டென்று பட்டது.

"சாப்பிட வர்றீங்களா?" என்று முடித்தாள்.

காலையில் அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் முன்பக்கம் அவள், பின்பக்கம் அவர். கிளினிக் வாசலில் காவலாளிக்கு அவரை நன்றாகத் தெரியும். "என்ன சார் இந்தப் பக்கம், லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார். ஒரு மாடிகூட இல்லாத கட்டடம் அது. மற்ற நாளாக இருந்தால் லேப் அக்கா இதற்கு வட்டியும் முதலுமாகப் பதில் சொல்லியிருப்பாள். அன்று பேசாமல் லேபுக்குள் போனாள். அவர் வராந்தா பெஞ்சின் ஓரத்தில், பெண்களுக்குப் பக்கத்தில், டோக்கனும் இல்லாமல் முழங்கால்களைச் சேர்த்துவைத்து உட்கார்ந்தார்.

ஒன்பது அடித்தது. லேப் கதவருகே நின்றால் ஆலோசனை அறையின் சத்தம் கேட்கும். உறை கிழிந்தது. அலமாரிச் சாவி திரும்பியது. பதிவேட்டின் பக்கங்கள் புரண்டன. கடைசியில் மெல்லிசு கதவைத் திறந்துகொண்டு வந்து, விதிப்படி பெயர் சொல்லாமல், யாரையும் பார்க்காமல், வராந்தாவுக்குப் பொதுவாகக் கூப்பிட்டாள்.

"அறுநூறு."

அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக அன்றுதான் கேட்டது.

லேப் அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். இத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் எத்தனை முறை போயிருக்கிறாள், நோயாளி நாற்காலியில் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. அதற்குக் கைப்பிடி இல்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மெல்லிசு கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளிலேயே கண்ணைப் பதித்து, எல்லாருக்கும் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"யாரால வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு இந்த டெஸ்ட் சொல்லாது. உங்க ரெண்டு பேர்ல யார்கிட்டேர்ந்தும் வந்திருக்கலாம். ரொம்ப நாள் முன்னாடிகூட வந்திருக்கலாம்."

லேப் அக்கா தன்னுடைய வரியை முதல்முறையாக இந்தப் பக்கமிருந்து கேட்டாள். யார் மேலும் பழி விழாத வரி என்றல்லவா நினைத்திருந்தாள்? இருவர் மேலும் பாதிப்பாதியாக விழுகிற வரி அது. ஒரு தப்பும் செய்யாதவளையும் பாதித் தப்புக்காரியாக ஆக்கி, செய்தவனுக்கு மீதிப் பாதியை மன்னித்து அனுப்புகிற வரி. எண்பத்து மூன்று பெண்கள் இதைக் கேட்டுவிட்டு வாயடைத்துப்போய் எழுந்து போயிருக்கிறார்கள். கணவன்மார் ஏன் அவ்வளவு சுலபமாக மாத்திரை விழுங்கினார்கள் என்பதும் இப்போது புரிந்தது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. பக்கத்தில் இருக்கிறவர் இந்த வரியைப் போர்த்திக்கொண்டு எழுந்து போனால் அவரைக் குற்றம் சொல்லக்கூட முடியாது, தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

"என்னாலதாம்மா" என்றார் அவர்.

மெல்லிசு தாளிலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரிந்த தாளில் இதற்கு அடுத்த வரி இல்லை.

"சார், அதெல்லாம் நீங்க சொல்லணும்னு இல்ல" என்றாள்.

அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பேசிப் பழக்கமில்லாதவர் என்பதால் ஒவ்வொன்றாக, திருகாணியைக் கழற்றி வைப்பதுபோல் எடுத்து வைத்தார். போன வருடம் பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு வெளியூர் போனது. அங்கே ஒருத்தியிடம் இரண்டு தடவை போனது. திரும்பி வந்த பிறகு எரிச்சல் எடுத்து, ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரிடம் காட்டியது. மனைவிக்கும் கொடுக்க வேண்டும் என்று அந்த டாக்டர் நாலு மாத்திரை தந்தது. சொல்லப் பயந்துகொண்டு அதைப் பொடித்து இவளுடைய டீயில் கலந்து கொடுத்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, கசக்கிறது, பால் கெட்டுப்போய்விட்டது என்று இவள் அதைத் தொட்டியில் கொட்டியது.

லேப் அக்காவுக்கு அந்த டீ நினைவுக்கு வந்தது. மனுஷன் அதிசயமாக டீ போட்டுக் கொடுக்கிறாரே என்று அன்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். பால்காரரை வாசலில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் கேட்டு, மறுநாளே வேறு ஆளை வைத்தாள். பாவம், அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் போனார்.

"வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்றாள்.

"பயமா இருந்துச்சு."

பயமாம். அவளுக்கு அந்தப் பயம் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. இத்தனை மாதம் அவள் உடம்பில் ஒன்றை விட்டுவைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், அவள் ஊர்க்கதையெல்லாம் சொல்லிச் சிரித்தபோது சேர்ந்து சிரித்திருக்கிறார். இழுத்து அறையலாம் போலத்தான் இருந்தது. அப்படி இருந்தும், நேற்று மதியத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி, மூச்சு நன்றாக வந்ததையும் அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

மெல்லிசு படிவத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதையெல்லாம் நான் எங்கயும் எழுத முடியாது சார். அதுக்குக் கட்டமே இல்ல" என்றாள்.

"எழுத வேணாம்மா. உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். அவ நாளைக்கும் இங்கதானே வேலைக்கு வரணும்."

மெல்லிசு மாத்திரை உறைகளை எடுத்து ஆளுக்கு நாலாக வைத்தாள். ஒருமுறை சாப்பிட்டிருந்தாலும் மறுபடி சாப்பிடத்தான் வேண்டும், மனைவியிடமிருந்து அவருக்குத் திரும்ப வந்திருக்கலாம் என்று கீழ்க்குரலில் விளக்கினாள். அவர் விழுங்கினார். லேப் அக்காவும் விழுங்கினாள். வேலைக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்தபோது, சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்கு வாருங்கள், பேச வேண்டும், நீங்கள்தான் பேச வேண்டும் என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. மன்னித்துவிட்டாளா என்றால் இல்லை, அது அவ்வளவு சீக்கிரம் நடக்கிற காரியமும் இல்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது அந்த நாற்பத்தொரு பேரை. ஒருத்தன் பாக்கியில்லாமல் இதே அறைக்கு வந்து, இதே வரியைக் கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போனான். வராமலே இருந்துவிட்டவர்கள் வேறு. அவர்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்திக்காவது, என்னால்தான் என்கிற இந்த ஒரு வார்த்தை கிடைத்ததா? கிடைக்காமலே இப்போது எங்கெங்கோ சமைத்துக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் இருப்பார்கள்.

லேப் அக்கா அவர்களுக்காகத்தான் அழ ஆரம்பித்தாள். தனக்காக அழ வீட்டில் நேரம் கிடக்கிறது. மெல்லிசு எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, கண்ணாடியைத் தூக்கி, அடியில் இருந்த தாளை உருவி எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பேனாவைத் திறந்து முதல் வரிக்கு நேரே வைத்தாள்.